நாவல் மரத்துக்கு வந்த படர்தாமரை

நான்குவழிச்சாலை வருவதற்கு முந்தின வருஷம், வைகாசி மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பெரிய சாலையிலிருந்து மொட்டையாண்டிபுரத்துக்குப் பிரிகிற விலக்கில் பஞ்சர் கடை வைத்திருந்த குருவையா மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து சோம்பல் முறித்தபோது, அவர் உடம்பிலிருந்து காய்ந்த விறகை ஒடிக்கிற சத்தம் வந்தது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகில் எறும்பு ஊர்ந்தால் சொறிவதும், ஊராவிட்டால் கொட்டாவி விடுவதும் அவருடைய வழக்கம். அன்றைக்கு எறும்பு வரிசைகட்டித்தான் ஊர்ந்தது, ஊர்வதுதான் தெரியவில்லை, ஆகையால் கொட்டாவி விட்டார். எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, ஆற்றுகிற டீயை நிறுத்தாமலே சொன்னார்.

“வே குருவையா, உம்ம தோலு மரத்துல இருக்கு. மரத்துப் பட்டை உம்ம மேல இருக்கு. பாத்து உக்காரும், உதிரப்போவுது.”

அப்படித்தான் இருந்தது. கடைக்குப் பின்னால் நின்ற நாவல் மரத்தில், வேரிலிருந்து முதல் கவட்டை வரைக்கும், குருவையாவின் தோல் ஒரு சுருக்கம் இல்லாமல் போர்த்தியிருந்தது. இடது தோளுக்குக் கீழே இருந்த உளுந்து அளவு மச்சம், சின்ன வயசில் குத்திய அம்மைத் தழும்பு, குடல்வால் ஆபரேஷனில் போட்ட ஏழு தையல், மூன்று வருஷமாக இடுப்பை விட்டுப் போகாத படர்தாமரை எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. மரத்தின் பட்டையோ, சாம்பலும் பழுப்புமாக வெடித்த வெடிப்புகளோடு, கண்ணுக்கும் வாய்க்கும் வழிவிட்டு, குருவையாவை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பொதிந்திருந்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் மரத்தில் வெள்ளையடித்துக் கறுப்பு மையில் எழுதியிருந்த 114 என்ற நம்பரும் பட்டையோடு சேர்ந்து வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக, ஒரு பஞ்சருக்கும் அடுத்த பஞ்சருக்கும் நடுவில், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் முதுகோடு அந்த மரத்தில் அதே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்த மனுஷன் அவர். விலக்கில் ஒரு நாளைக்கு மூன்று பஞ்சர் விழுந்தால் அதிகம். மிச்ச நேரமெல்லாம் சாய்மானம்தான். அதனால் ஊரில் ஒருத்தரும் இதற்கு வாயைப் பிளக்கவில்லை. “இம்புட்டு நாள் ஒட்டிக்கிட்டே இருந்தா மாறத்தானேய்யா செய்யும், நம்ம தோசைக்கல்லும் தோசையும் இருந்தாக்கூட மாறிப்போவும்” என்றார் அண்ணாச்சி. மேல்நிலைப் பள்ளியின் அறிவியல் டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, “செடிக்கும் மேல்தோல் உண்டு, நமக்கும் மேல்தோல் உண்டு, ரெண்டுமே காவலுக்கு இருக்கிறது, இங்க காவல்காரங்க ஷிப்ட் மாறிட்டாங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, எல்லோரையும் நோட்டில் படம் வரையச் சொன்னார்.

குருவையாவின் மனைவி பேச்சித்தாய், தென்னை ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டி விற்கிறவள், தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தவள், புருஷனைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். விரல் முட்டியால் நெஞ்சில் தட்டினாள். கதவைத் தட்டின மாதிரி சத்தம் கேட்டது.

“உள்ளதான் இருக்கீரா?”

“இருக்கேன், இருக்கேன். குழம்பு என்ன?”

“கருவாடு.”

“ஊத்து.”

அதற்குப் பிறகு மரத்தைப் போய்ப் பார்த்தாள். ஒரு மனுஷன் தோல் இவ்வளவு பெரிய மரத்துக்கு எப்படிப் போதும் என்று அங்கே நின்ற லாரி டிரைவர் ஒருவர் கேட்டதற்கு, “வயித்துல பிள்ளை வந்தா நமக்குத் தோலு பத்தாமயா போவுது?” என்று சொல்லிவிட்டு, சேலை முந்தானையால் அதன் வேர்வையைத் துடைத்தாள். மரத்துக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. வைகாசி வெயில் அப்படி.

மொட்டையாண்டிபுரம் இந்த ஏற்பாட்டுக்குப் பழக ஒரு வாரம் பிடித்தது. முதல் வேலையாக, மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்த மூலம் பவுத்திரம் போர்டையும் டுடோரியல் போர்டையும் பிடுங்கிவிட்டு, ஆணி இருந்த இடங்களில் மஞ்சள்பத்து போட்டார்கள். பெண்பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் என்பதால் இரண்டு எட்டுமுழ வேட்டிகளை ஒட்டுப்போட்டு மரத்துக்கு இடுப்பில் கட்டிவிட்டார்கள். தனியார் பஸ்காரன் ஏர்ஹாரன் அடித்தால் மரம் தூக்கிவாரிப்போட்டுக் கிளையெல்லாம் ஆடி, நிற்கிற ஆட்கள் தலையில் குருவி எச்சம் விழுந்ததால், ‘ஹாரன் அடிக்காதீர், மரம் தோலோடு உள்ளது’ என்று கரும்பலகை எழுதி வைத்தார்கள். அரிப்பெடுத்தால் மரம் இலையை ஒரு மாதிரி சலசலக்கும், அந்தச் சத்தம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் கை சும்மா இருக்கிறவர் போய்ச் சொறிந்துவிட்டு வருவார். குருவையாவைக் கறுப்பு என்றே நினைத்திருந்த ஊர், அவர் தோலை நிழலில் வைத்துப் பார்த்தபோது நல்ல மாநிறம் என்று கண்டுகொண்டது. “இந்தக் கலரைத் தெரிஞ்சிருந்தா எங்க சித்தப்பா மகளையே குடுத்திருப்போமே” என்று ஆவுடையப்பன் அண்ணாச்சி வருத்தப்பட்டார்.

ஆனி மாசத்தில் நாவல் பழுத்தது. மற்ற வருஷங்களில் ஆள் ஏறி உலுக்கி, கிளை ஒடிந்து, ஒருத்தனாவது விழுந்து கட்டுப்போட்டு, அப்புறம்தான் பழம் எடுப்பார்கள். அந்த வருஷம் பழக்குத்தகைக்காரன் ஒரு கோழி இறகைக் கொண்டுவந்து, மரத்தில், குருவையாவின் விலாப்பக்கம் எதுவோ அந்த இடத்தில் மெல்ல வருடினான். மரம் நெளிந்து, குலுங்கி, அடக்கமாட்டாமல் ஆடி, ஒரே மூச்சில் எட்டுக் கூடை பழத்தைக் கொட்டியது. பிள்ளைகள் அதைத் தினமும் செய்யப் பார்த்தபோது, பேச்சித்தாய் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு வந்து விரட்டினாள்.

குருவையாவுக்கோ அது பொற்காலம். கொசு கடித்தால் கொசுவுக்குத்தான் சேதாரம். டியூபுக்குச் சூட்டு ஒட்டுப் போடுகிற பழுத்த இரும்பை வெறுங்கையால் எடுத்தார், வேர்க்குரு இல்லை, குளிக்கிற வேலையில்லை, மழை பெய்தால் வெளியே போய் நின்றுவிட்டு வருவார். கொல்லன்பட்டறைக்காரன் வாய்க்கு வந்தபடி வைதபோது அது மேலே பட்டு உதிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். பேச்சித்தாய் வைததும் அப்படித்தான் உதிர்ந்தது. ஆனால் அது பழைய தோல் இருந்தபோதே உதிர்ந்துகொண்டிருந்ததுதான் என்று அவள் சொன்னாள்.

அவளுக்கு ஒரு வேலை கூடியிருந்தது. படர்தாமரைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத் தினமும் இரண்டு வேளை தடவ வேண்டும். குருவையா மேல் இருந்தபோது ஒருநாளும் தடவ விட்டதில்லை, “எல்லாம் தானாப் போவும்” என்பார். மரம் பேசாமல் நின்றது. வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கிக் களிம்பைத் தேய்த்துக்கொண்டே, கை வேலையில் இருக்கும்போது வாய் சும்மா இருக்காதே, ஈர்க்குக் கட்டு விலையேறினதை, வடக்குத்தெரு கிணறு வற்றினதை, தன் அக்காள் மகள் நிச்சயத்துக்குத் தன்னைக் கடைசியாகக் கூப்பிட்டதை எல்லாம் சொன்னாள். அக்காள் விஷயத்துக்கு வந்தபோது, உள்ளங்கைக்குக் கீழே என்னவோ குறுகுறுவென்று எழும்பியது. கையை எடுத்துப் பார்த்தாள். மரத்தின் தோல் முழுக்க, வேரிலிருந்து கவட்டை வரைக்கும், மயிர்க்கால் குத்திட்டு நின்றது.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவள் சொன்ன எதற்கும் அந்தத் தோல் அப்படி எழும்பினதில்லை.

மறுநாள் அவள் களிம்பு தடவ ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தாள். அதற்கு மறுநாள் இரண்டு மணி நேரம். “பேச்சி மரத்தோட குடித்தனம் நடத்துதா” என்று ஊர் சிரித்தது. பஸ் தவறவிட்ட சில பெண்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று தங்கள் வீட்டுச் சங்கதிகளைச் சொன்னார்கள். மரம் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டது, ஆனால் பேச்சித்தாய்க்குத்தான் சிலிர்த்தது. அதில் அவளுக்கு ஒரு பெருமிதம் வந்து, நடையே மாறிப்போனது.

குருவையாவுக்கு இது ஒருநாள் உறைத்தது. உறைத்தது என்று சொல்லக்கூடாது, காதில் விழுந்தது.

“ஏளா, அது என் தோலு.”

“தோலு உம்மதுதான். சிலுக்கிறது யாரு?”

“நான் சிலுக்கலைன்னு யாரு சொன்னா? உள்ளுக்குள்ள சிலுத்திருப்பேன்.”

“உள்ளுக்குள்ள சிலுத்து எனக்கு என்னய்யா புண்ணியம்? நான் வெளியிலல்லா இருக்கேன்.”

ஆடி பிறந்த திங்கட்கிழமை, சாலையை அகலமாக்குகிற உதவிப் பொறியாளர் இளம்பரிதி, தொப்பியும் அளவுப் புத்தகமுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே மரம் வெட்டுகிற அந்தோணிக்கண்ணு. தொண்ணூற்றாறிலிருந்து நூற்று முப்பத்தொன்று வரைக்கும் மரங்களை வியாழக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும். பொறியாளர் ஒவ்வொரு மரமாக நம்பர் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்து, நூற்றுப் பதின்மூன்று முடிந்ததும் நின்றார்.

“நூத்திப் பதினாலு எங்க?”

விலக்கில் நின்ற அத்தனை பேரும் குருவையாவைக் காட்டினார்கள். குருவையா அப்போது ஒரு சைக்கிள் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் நல்ல மனுஷன். கோபப்படவில்லை. மரத்தைப் பார்த்தார், குருவையாவைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். அந்தோணிக்கண்ணு மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தான்.

“சார், காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு. நெஞ்சு தடதடங்குது. இதுல கோடாலி வச்சா கொலைக் கேசு சார். நான் பிள்ளகுட்டிக்காரன்.”

“இதை வெட்டச் சொல்லலைய்யா. இதுல நம்பரும் இல்லை, பட்டையும் இல்லை, என் லிஸ்ட்படி இது மரமே இல்லை. வேட்டி வேற கட்டியிருக்கு” என்றார் பொறியாளர். “ஆனா நூத்திப் பதினாலு வெட்டியாச்சுன்னு நான் எழுதியாகணும். எழுதாம ரோடு ஒரு அடி நகராது. வியாழக்கிழமை பத்து மணி வரைக்கும் பாக்கிறேன். மரம் பட்டையைத் திரும்ப வாங்கிக்கிட்டா மரத்தை வெட்டுவோம். இல்லேன்னா நம்பர் எங்க இருக்கோ அங்க வெட்டுவோம். நான் என்னம்மா செய்ய?” என்று கடைசியில் பேச்சித்தாயிடம் கேட்டார். அவள்தான் அழுதுவிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அந்த மூன்று நாளும் ஊரே வேலைக்குப் போகவில்லை. குருவையா மரத்தில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். சாய்வது அவருக்குக் கைவந்த வேலைதான், ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் நடந்ததை மூன்று நாளில் திருப்பச் சொன்னால் எப்படி? உரசச் சொன்னார்கள், உரசினார். இரண்டு பேரையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள். கடைசியில் அவரே யோசித்து, உப்புத்தாளால் தன் முதுகையும் மரத்தையும் தேய்த்து, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனைத் தடவி, காயவிட்டு, ஒட்டிக்கொண்டார். ஒட்டியது. ஆனால் மாறவில்லை. பிரித்தெடுக்க ஆவுடையப்பன் அண்ணாச்சி கடையிலிருந்து ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் வாங்க வேண்டியதாயிற்று.

பேச்சித்தாய் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று தோலைத் தடவிக்கொண்டே, “குடுத்துராத, என்ன ஆனாலும் குடுத்துராத” என்று குசுகுசுத்தாள். உடனே இந்தப் பக்கம் வந்து, கயிற்றில் கட்டுண்டு கிடக்கிற புருஷனைப் பார்த்ததும், திரும்ப ஓடிப்போய், “குடுத்துரு தாயீ, அவரு பாவம்” என்றாள். இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை. எதைக் கேட்பது என்று தெரியாமல் மரத்துக்கு வேர்த்து ஊற்றியது.

“நீ ஏன்ளா அலையுத?” என்றார் குருவையா. “வெட்டுனா வெட்டட்டும். இரும்பே சுடலை, கோடாலியா வலிக்கப்போவுது? எனக்கு ஒண்ணும் வலிக்காது.”

“வலிக்காதுங்கீரே, அதுதான்யா எனக்குப் பயமா இருக்கு.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. மற்ற முப்பத்தைந்து மரங்களும் விழுந்து, சாலை இரண்டு பக்கமும் மொட்டையாகி, வெயில் நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. குருவையாவைக் கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார். பேச்சித்தாய் இரண்டு கையிலும் இரண்டு விளக்குமாற்றோடு குறுக்கே வந்து நின்றாள்.

“மதினி, கொஞ்சம் தள்ளுங்க” என்றான் அந்தோணிக்கண்ணு. “இன்னும் வெட்டலை. தட்டத்தான் போறேன். தட்டாம நாங்க எதையும் வெட்டுறதில்லை.”

அது அவர்கள் தொழிலில் விடாத முறை. எந்த மரமானாலும், கோடாலியின் பின்பக்கத்தால் மூன்று தட்டு தட்டி, உள்ளே குடியிருக்கிற அத்தனைக்கும் தகவல் சொல்லிவிட்டு, ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருப்பார்கள். பல்லியோ அணிலோ கண்ணுக்குத் தெரியாத எதுவோ, இருக்கிறது எல்லாம் இடம் மாறிக்கொள்ளும். சொல்லாமல் வெட்டினால் அந்தக் கை விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. பொறியாளரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரி, சீக்கிரம் குடி” என்றார்.

அந்தோணிக்கண்ணு செருப்பைக் கழற்றினான். குருவையாவின் நெஞ்சில், அந்த நூற்றுப் பதினாலுக்குக் கீழே, டொக், டொக், டொக் என்று தட்டினான்.

“குடியிருக்கிறவங்க எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாங்க வயித்துப் பொழைப்புக்கு வந்திருக்கோம், வேற பகை கிடையாது. பிள்ளகுட்டியைக் கூட்டிக்கிட்டு, தட்டுமுட்டுச் சாமானை எடுத்துக்கிட்டு, பத்திரமா இடம் மாறிக்கிடுங்க.”

சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்தான்.

முதலில் கட்டெறும்புகள் வந்தன, வாயில் முட்டைகளைக் கவ்விக்கொண்டு, அவர் இடுப்பு வெடிப்பிலிருந்து இறங்கி வரிசையாகப் போயின. அப்புறம் அக்குளிலிருந்து ஒரு ஓணான் தலையை நீட்டி, எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஓடியது. ஒரு சிலந்தி, ஒரு மரவட்டை, இரண்டு மாசமாகக் காணாமல் போயிருந்த அண்ணாச்சி கடை டீ ஸ்பூன் ஒன்று. பீடி பாதி முடிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கால்வாசிதான் மிச்சம் இருந்தது. பொறியாளர் பேனாவைத் திறந்தார்.

“பொறுங்க சார்,” என்றான் அந்தோணிக்கண்ணு, காதைப் பட்டையில் வைத்துக்கொண்டு. “உள்ள இன்னும் ஒரு ஆள் இருக்கு. சாமான் எடுக்குது.”

பட்டையின் கழுத்திலிருந்து தொப்புள் வரைக்கும் சரசரவென்று ஒரு வெடிப்பு ஓடியது. அதை உள்ளேயிருந்து இரண்டு கை விலக்கியது. தலையை முதலில் விட்டு, அப்புறம் ஒரு தோள், அப்புறம் ஒரு கால் என்று, மழைக்கு ஒண்டியிருந்த வீட்டிலிருந்து இறங்குகிறவர்போல, குருவையா வெளியே வந்தார். நுங்குக்கு மேலே இருக்குமே அந்தச் சவ்வு மாதிரி ஒரு புதுத் தோல், ரோஜா நிறத்தில், நரம்பெல்லாம் தெரிகிறாப்போல, அன்றைக்கு உடுத்தினது போல அவர் மேல் பளபளத்தது. ஒரு மச்சம் இல்லை, ஒரு தழும்பு இல்லை.

“இடம் மாறச் சொன்னாகளே” என்றார், எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து.

பட்டை அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அந்தோணிக்கண்ணு அதற்கு ஒரு கும்பிடு போட்டு, ஒரே வெட்டில் சாய்த்தான். பொறியாளர் சுற்றளவை நாடாவில் அளந்து, ‘114, முப்பத்தெட்டு அங்குலம், அகற்றப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை மூடினார். புத்தகம் மூடின பிறகு விலக்கில் அரசாங்கத்துக்கு மரம் ஒன்றும் பாக்கியில்லை. வேட்டி கட்டி நின்ற அதை என்ன செய்வது என்று எந்தத் தாளிலும் இல்லாததால், சாலை அந்த இடத்தில் லேசாக ஒதுங்கிப் போகிறது. இன்றைக்கும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே வந்ததும் பக்கத்து ஆள்மேல் சாய்ந்து விழித்துக்கொள்வார்கள்.

குருவையா நின்ற இடத்திலேயே நின்றார். காற்று பட்டதும் “யம்மா” என்றார். வெயில் பட்டதும் “யய்யா” என்றார். ஆவுடையப்பன் அண்ணாச்சி பக்கத்தில் வந்து மூச்சு விட்டதற்கு, “தள்ளி நின்னு விடும்வே, குத்துது” என்றார். துணி போர்த்த முடியவில்லை, நூல் நூலாக உறுத்தியது. அண்ணாச்சி கடையில் வடை வைக்கிற தலைவாழை இலைகளைக் கொண்டுவந்து, முன்னும் பின்னும் வைத்து, வாழைநாரால் தளர்வாகக் கட்டினார்கள். சாய்த்து உட்கார வைக்கப் போனால் அலறினார். இனி அவர் எதிலும் சாய முடியாது என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும்.

பேச்சித்தாய் விளக்குமாறுகளைக் கீழே போட்டாள். மரத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இலைக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கையைப் பூவைத் தொடுகிற மாதிரி பிடித்தாள். இரண்டு பேரும் மொட்டை வெயிலில், வீட்டைப் பார்த்து, அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். நாங்கள் பத்தடி பின்னால் போனோம். பாதி வழியில் குருவையா நின்றுவிட்டார். அவள் கையைத் திருப்பி, உள்ளங்கையைத் தன் முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், ஈர்க்குக் கீறி மேடு மேடாகக் காய்த்துப்போயிருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

“ஏளா பேச்சி, உன் கை ஏன் இம்புட்டுச் சொரசொரப்பா இருக்கு? எப்பப் புடிச்சு?”

“பத்தொன்பது வருசமா” என்றாள் அவள். “நடயும்.”

அவர் நடந்தார். கையை மட்டும் விடவில்லை. வலித்திருக்கும், ஒவ்வொரு அடிக்கும் “ஸ்… ஸ்…” என்றுகொண்டே போனார்.